ரீகால் புராணம் – ஸ்ரீபெரும்புதூர் காண்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் எங்க தாத்தா தலைமுறைக்கு ராமானுஜர் அவதரித்த ஊர். அப்பா தலைமுறைக்கு 1991 மே 21. எங்க தலைமுறைக்கு கம்பெனி பஸ், ஷிப்ட், கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டு. ராமானுஜரைப் பற்றியும் ராஜீவ் பற்றியும் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்த மூன்றாவது ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி யாரும் சரித்திரம் மாதிரி எழுதுவதில்லை. நேற்று நடந்தது எல்லாம் சரித்திரமா என்று நினைக்கிறார்கள் போல. இருபது வருஷம் ஆனால் எதுவும் சரித்திரம்தாங்க.

இங்கிருந்து லாரி லாரியாகப் போன சாமான்களைப் பற்றி அரசாங்க விளம்பரத்திலேயே படித்திருப்பீர்கள். "கோளாறு இருக்கு, திரும்பக் கொண்டு வாங்க" என்று கூப்பிடப்பட்ட சாமான்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரீகால். தமிழ்ப் பேப்பர்களில் "திரும்பப் பெறுகிறது" என்று போடுவார்கள். ஆங்கிலத்தில் அதே வார்த்தைக்கு "ஞாபகப்படுத்திக்கொள்வது" என்றும் அர்த்தம் உண்டு. இந்த இரண்டாவது அர்த்தத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்தக் காலத்தில்...

அம்பாசிடர், பியட் காலத்தில் இந்த சமாச்சாரமே கிடையாது. நம்ம வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி ஹெரால்டு கார் செய்துகொண்டிருந்த காலத்திலும் கிடையாது. வண்டியில் கோளாறு என்றால் அது உங்க தலையெழுத்து. மெக்கானிக் சொல்வார், "இந்த வண்டியில இது இருக்கும் சார், எல்லாத்துலயும் வரும்." எல்லாத்துலயும் வரும் என்றால் அது கம்பெனி தப்புதானே என்று யாரும் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. கிடைத்ததே பெரிசு என்ற காலம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டுவிட்டார்கள். 1965ல் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளைக் கிழித்து ஒரு புத்தகம் எழுதினார். 1966ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1972ல் கார் அல்லாத மற்ற சாமான்களுக்கு, அதாவது பொம்மை, அடுப்பு, மின்சாதனம் இவற்றுக்கெல்லாம், தனியாக ஒரு ஆணையம் அமைக்கச் சட்டம் போட்டார்கள். ஒரு பொருளில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்தால் அதை ஒளிக்கக்கூடாது. வாங்கியவனைத் தேடிப்பிடித்துச் சொல்லணும், செலவும் கம்பெனியோடது. இந்த எண்ணம் அங்கே அப்படித்தான் சட்டமாக ஊன்றியது.

நம்ம ஊருக்கு அது சட்டமாக வரவில்லை. கம்பெனிகளின் பின்னாலேயே பழக்கமாக வந்தது. 1996ல் ஹூண்டாய் இங்கே கால் வைத்து, 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. அந்தப் பக்கம் மறைமலை நகரில் போர்டு. 2006 ஜனவரியில் நோக்கியா செல்போன் உற்பத்தியை ஆரம்பித்தது. 2007ல் டெல், சாம்சங். 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை. 2013ல் ராயல் என்ஃபீல்டும் ஒரகடத்துக்கு வந்தது. ஏரியும் வயலும் பனைமரமுமாக இருந்த இடத்தில் பதினேழு வருஷத்துக்குள் இத்தனையும்.

இப்படி உலகம் பூராவும் விற்கிற சாமான் செய்தால், உலகத்தில் எங்கேயோ வருகிற புகார் நம்ம வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். முதலில் வந்து நின்றது காரில் இல்லை. ஒரு தீப்பெட்டி சைஸ் பேட்டரியில்.

26 எழுத்து

பிஎல்-5சி. இந்தப் பெயரைச் சொன்னால் முப்பது வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சிரிப்பு வரும். நோக்கியா 1100, 1600, 6600, என்70... டார்ச் லைட் போனிலிருந்து பணக்கார போன் வரைக்கும் ஒரே பேட்டரி.

2007 ஆகஸ்ட் 14. மறுநாள் சுதந்திர தினம், லீவு. அன்றைக்கு நோக்கியா ஒரு அறிவிப்பு விட்டது. ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பெனி (2008ல் பானசோனிக் என்று பெயர் மாற்றிக்கொண்டார்களே, அவர்கள்தான்) 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த பிஎல்-5சி பேட்டரிகளில் கோளாறு இருக்கலாம். சார்ஜ் போடும்போது உள்ளே ஷார்ட் ஆகி அதிகமாகச் சூடாகி, பேட்டரி இருந்த இடத்திலிருந்து கழன்று வரலாம். அப்படிப்பட்ட பேட்டரிகளின் எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். உலகம் முழுக்க வந்த புகார்கள் சுமார் 100. யாருக்கும் பெரிய காயம் இல்லை என்றும் சொன்னார்கள்.

4.6 கோடியில் 100. கணக்குப் போட்டால் நாலரை லட்சத்துக்கும் அதிகமான பேட்டரியில் ஒன்று. ஆனால் நம்ம ஊர் கணக்கு வேறு. "நோக்கியா போன் வெடிக்குதாம்." முடிந்தது கதை.

அந்த வாரம் போனின் பின்மூடியைக் கழட்டாத ஆளே கிடையாது. பஸ்ஸில், டீக்கடையில், ஆபீசில் எல்லாரும் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏன்னா பேட்டரியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 26 எழுத்து-எண் கொண்ட ஒரு அடையாளம் இருக்கும். அதை நோக்கியாவின் வலைத்தளத்தில் போட்டுப் பார்த்தால் உங்களது அந்தப் பட்டியலில் உண்டா இல்லையா என்று சொல்லும். இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி. நோக்கியா சர்வீஸ் சென்டர்களில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. தன்னுடையது பட்டியலில் இல்லை என்று சொன்னாலும் நம்பாமல் மாற்றிக் கேட்டவர்கள் உண்டு.

இதில் நான் கவனித்த மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, நோக்கியா இதை ரீகால் என்று சொல்லவே இல்லை. "பிராடக்ட் அட்வைசரி" என்றது. அறிவுரையாம்! அன்றிலிருந்து இன்று வரை கம்பெனிகள் இந்த வார்த்தை விளையாட்டை விடவில்லை. சர்வீஸ் கேம்பைன், சர்வீஸ் ஆக்‌ஷன், இலவச பரிசோதனை முகாம்... நோய்க்குப் பெயர் வைக்காமலே மாத்திரை கொடுக்கிற டாக்டர் மாதிரி.

இரண்டு, இந்த மாதிரிக் கோளாறு அந்தக் காலத்து வியாதி. லித்தியம் பேட்டரிக்குள் நேர்மின் தகட்டுக்கும் எதிர்மின் தகட்டுக்கும் நடுவே முடியை விட மெலிசான ஒரு பிளாஸ்டிக் படலம்தான் காவல். அதைத் துளைக்க ஒரு உலோகத் துகள் போதும். முந்தின வருஷம், 2006 ஆகஸ்டில், சோனி செய்த பேட்டரிகளில் இப்படி உலோகத் துகள் கலந்துபோய், டெல் கம்பெனி 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. கையடக்கத்தில் எவ்வளவு மின்சாரத்தை அடைக்க முடியும் என்று எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம்.

மூன்றுதான் முக்கியம். ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கிய டூப்ளிகேட் பிஎல்-5சி வைத்திருந்தவர்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. உண்மையில் ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். ஆனால் அந்தப் பேட்டரியைச் செய்தது யார், எந்த மாசம், எந்த லாட், ஒன்றும் தெரியாது. நம்பர் இல்லாத பொருளைத் திரும்பக் கூப்பிட முடியாது. பெயர் இல்லாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை வரி வழக்கில் மாட்டி, மைக்ரோசாப்ட் அதை வாங்காமல் ஒதுக்கிவிட்டு, 2014 நவம்பர் 1ந் தேதி மூடப்பட்டது. ஆனால் பிஎல்-5சி மட்டும் சாகவில்லை. நோக்கியாவுக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்எம் ரேடியோ, பஜனைப் பாட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் பல வருஷம் அதுவே ஓடியது. சில சாமான்களுக்குத் தாயாரித்த கம்பெனியை விட ஆயுசு கெட்டி :-)

கார்களின் முறை

கார் பக்கம் நம்ம நாட்டில் ரீகால் என்ற வார்த்தையைப் பெரிய அளவில் பேச வைத்தது மாருதி. 2010 பிப்ரவரியில் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களைப் பெட்ரோல் பம்ப் பகுதியில் ஒரு சின்ன வளையத்துக்காகத் திரும்பக் கூப்பிட்டது. அது வடக்கே மானேசர் கதை. நம்ம பக்கம் 2012 ஜூலையில் வந்தது. மறைமலை நகரில் செய்த ஃபிகோ, கிளாசிக் கார்கள் 1,28,655. பின்பக்க அச்சில் விரிசல் வரலாம், பவர் ஸ்டியரிங் ஹோஸ் கசியலாம் என்பது காரணம். அடுத்த வருஷமே, 2013 செப்டம்பரில், இதே சங்கதிக்காக இன்னும் 1,66,021 கார்கள்.

அதே 2012 ஜூலையில்தான் கார் கம்பெனிகளின் சங்கமான சியாம், ரீகாலுக்கு ஒரு நடைமுறை விதி கொண்டுவந்தது. ஆனால் அது தன்னார்வ விதி. "பாதுகாப்புக் குறை தெரிந்தால் நாங்களாகவே சொல்லிக்கொள்கிறோம்" என்ற வகை. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் "என் பேப்பரை நானே திருத்திக்கிறேன் சார்" என்று சொல்வது போலத்தான். இருந்தாலும் ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு கம்பெனியாக வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தன.

ஒரகடம் கணக்கு 2013ல் ஆரம்பம். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கோளாறுக்காக நிஸான் மைக்ரா, சன்னி கார்கள், இந்தியாவில் மட்டும் சுமார் 22,000. 2016 அக்டோபரில் ரெனோ க்விட், சுமார் 50,000, பெட்ரோல் குழாயும் அதன் கிளிப்பும். மூன்று லட்ச ரூபாய் கார் என்று ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த வண்டி அது.

அப்புறம் 2020 டிசம்பரில் ஒரு விசித்திரம். ஹூண்டாய் தன் கோனா மின்சாரக் காரில் 456 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. 456 என்பது சின்ன நம்பர்தான். ஆனால் காரணத்தைப் பாருங்கள்: பேட்டரிக்குள் ஷார்ட் ஆகலாம். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் பாக்கெட்டில் இருந்த அதே பயம் இப்போது சீட்டுக்கு அடியில். உலக அளவில் முதலில் சுமார் 77,000 கோனாக்கள், பிறகு பேட்டரியையே மாற்றித் தருகிறோம் என்ற அளவுக்கு அது பெரிசாகப் போனது.

கடைசியாக 2021 மே. ராயல் என்ஃபீல்டு. மீட்டியார், கிளாசிக், புல்லட் மூன்றிலும் சேர்த்து 2,36,966 வண்டிகள். இக்னிஷன் காயில். வண்டி ஓடும்போது எஞ்சின் தடுமாறலாம், அபூர்வமாக ஷார்ட் ஆகலாம். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை செய்தவை. இந்தியா மட்டும் இல்லை, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரைக்கும் போன வண்டிகள். இவற்றில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் அவர்களே சொன்னார்கள்.

இதைப் படித்ததும் என் நண்பன் ஒருவன் கேட்டான். "பத்து சதவீதம்தான்னா அந்தப் பத்து சதவீதத்தை மட்டும் கூப்பிட வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. பதில் ஷோரூமில் இல்லை, எங்களை மாதிரி உதிரிபாகக் கம்பெனிகளின் ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது.

லாட் நம்பரின் மகிமை

நான் இந்தப் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வு வேலை பார்க்கிறவன். கம்பெனி பெயர் வேண்டாம், என் சோத்துல மண்ணைப் போட்டுடாதீங்க.

ஒரு பெரிய கார் கம்பெனி செய்வது பெரும்பாலும் வெல்டிங், பெயின்டிங், எஞ்சின், பூட்டுவது. மீதி ஆயிரக்கணக்கான பாகங்கள் எங்களை மாதிரி ஆட்களிடமிருந்து வரும். எங்களுக்கு இன்னொரு சின்னக் கம்பெனி கொடுக்கும். அவனுக்கு பிளேட்டிங் செய்து தர இன்னொருத்தன். இந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒரு ராத்திரி ஷிப்டில் ஒரு டூல் தேய்ந்திருக்கும். ஆயிரம் பீஸ் நல்லா போயிருக்கும், அடுத்த நானூறு பீஸில் ஒரு மயிரிழை கூடக்குறைய இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் லாட் நம்பர். எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்த மெஷின், எந்த கச்சாப்பொருள் லோடு. ஷிப்ட் ஆரம்பிக்கும்போது முதல் பீஸை அளக்கணும், முடியும்போது கடைசி பீஸை அளக்கணும், எழுதி வைக்கணும். புதிதாகச் சேர்கிற டிப்ளமா பையன்கள் இதை வெட்டி வேலை என்பார்கள். "அண்ணே, எல்லாம் ஓகேதான் வருது, எதுக்கு இத்தனை தாளு?"

எதுக்குன்னா, கோளாறு வெளியே தெரிகிற அன்றைக்கு கேட்கப்படுகிற முதல் கேள்வி "எத்தனை பீஸ்?" என்பதுதான். தாள் ஒழுங்காக இருந்தால் "இந்த மூன்று நாள் சரக்கு" என்று வட்டம் போட்டு, அதை மட்டும் சிவப்பு டேக் ஒட்டி நிறுத்தலாம். தாள் இல்லை, அல்லது வழக்கம் போல ஷிப்ட் முடியும்போது ஒரே பேனாவில் மொத்தமாக நிரப்பப்பட்டது என்றால், எது நல்லது எது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அப்போது நாலு மாசத்துச் சரக்கு மொத்தமும் சந்தேகம். சில ஆயிரம் கெட்ட காயிலுக்காக லட்சக்கணக்கான வண்டிகளைக் கூப்பிடுவது இப்படித்தான். கூப்பிடுகிற எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் கோளாறை விட ஞாபகத்துக்குத்தான் பங்கு அதிகம்.

புகார் வந்த பிறகு "ஐந்து ஏன்" என்று ஒரு சடங்கு உண்டு. ஏன் வந்தது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை தோண்டணும். நல்ல முறைதான், ஜப்பான்காரன் கண்டுபிடித்தது. ஆனால் பல இடங்களில் மூன்றாவது ஏன்-லேயே "ஆப்பரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். டூல் மாற்ற காசு செலவாகும். ஒப்பந்தத் தொழிலாளியை மாற்ற எதுவும் செலவாகாது.

கடலுக்கு அடியில் ஒரு ஏழு வருஷம்

ரீகாலில் தாமதம் என்றால் என்ன என்பதற்கு நான் படித்ததிலேயே முதுகு சில்லிட்ட கதை கார் கதை இல்லை. ஸ்கூபா டைவிங் கதை.

ஸ்கூபாக்காரர்கள் கையில் கடிகாரம் மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கட்டியிருப்பார்கள். ஆழத்தில் அழுத்தம் அதிகம், 30 மீட்டரில் நாம் இங்கே உணர்வதைப் போல நாலு மடங்கு. அப்போது மூச்சில் போகிற நைட்ரஜன் ரத்தத்திலும் திசுவிலும் கரையும். அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழியாகக் கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம், சாவு வரைக்கும் போகும். எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வரணும், மேலே வந்து எத்தனை நேரம் கழித்து மறுபடி இறங்கலாம் என்று அந்தக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டுச் சொல்லும்.

யுவாடெக் என்ற கம்பெனி 1990களின் நடுவில் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்று ஒன்றை விற்றது. நைட்ராக்ஸ் என்பது ஆக்சிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த காற்று. இந்தக் கருவியின் மென்பொருளில் ஒரு தப்பு. ஆள் தண்ணீரை விட்டு மேலே வந்து படகில் உட்கார்ந்து சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதும், இன்னும் நைட்ராக்ஸையே சுவாசிப்பதாக அது நினைத்துக்கொண்டது. அதாவது உடம்பில் இருக்கிற நைட்ரஜனைக் குறைத்துக் கணக்கிட்டது. அடுத்த முறை இறங்கும்போது "இன்னும் நேரம் இருக்கு, இருக்கலாம்" என்று சொல்லும். இருக்கக் கூடாது!

1996 பிப்ரவரிக்கு முன்னால் விற்ற கருவிகள். அதிகாரபூர்வமான ரீகால் வந்தது 2003 பிப்ரவரியில். ஏழு வருஷம். நடுவில் வழக்குகள் நடந்தன.

தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனுக்குப் பக்கத்தில் மெக்கானிக் கிடையாது, ஓரமாக நிறுத்த இடம் கிடையாது. கருவி சொல்வதை நம்புவதைத் தவிர வழியே இல்லை. யோசித்துப் பார்த்தால் நாமும் அப்படித்தான். திருப்பதி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்த்துவிட்டா மிதிக்கிறோம்? யாரோ முகம் தெரியாத ஒருத்தர் அளந்து எழுதியது உண்மை என்று நம்பித்தான் மிதிக்கிறோம்.

சட்டம் வந்தது

தன்னார்வம் போதாது என்று அரசாங்கத்துக்கும் ஒருவழியாகப் புரிந்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரே மாதிரிப் புகார் வந்தால், ரீகால் செய் என்று மத்திய அரசே உத்தரவு போடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உத்தரவு போட்டு வாங்க வைத்தால் வண்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். வண்டி அல்லாத மற்ற பொருட்களுக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் அமைந்த மத்திய ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு.

ஒரு கோடி ரூபாய் ஒரு கார் கம்பெனிக்கு ஒரு விளம்பரச் செலவு கூட இல்லை என்பது உண்மை. ஆனாலும் 1966ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு எண்ணம், ஐம்பத்தைந்து வருஷம் கழித்து நம்ம விதிப்புத்தகத்தில் ஏறியது என்பதும் உண்மை.

எட்டாத இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு, ரீகால் எட்டாத இடங்களையும் சொல்லாவிட்டால் இது கம்பெனி விளம்பரம் ஆகிவிடும்.

முதலாவது, சட்டப்படி சரியாக இருக்கிற ஆபத்து. 2014 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு, ஒரகடத்தில் செய்யப்பட்ட டட்சன் கோ காரை மோதிப் பார்த்து, பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. காற்றுப்பை இல்லை, உடற்கூடு மோதலில் நொறுங்கியது. அந்த அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரை விற்பனையிலிருந்து எடுங்கள் என்று கார்லோஸ் கோனுக்கே கடிதம் எழுதினார். எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஏன்னா அன்றைய இந்திய விதிகளுக்கு அந்தக் கார் உட்பட்டிருந்தது. அதில் "குறை" எதுவும் இல்லை, அது அப்படியே வரையப்பட்டது. ரீகால் என்பது பெரும்பாலும் வரைபடத்திலிருந்து விலகியதைத்தான் பிடிக்கும். வரைபடமே மோசம் என்றால் விதி மாறணும். மாறியது. புது மாடல்களுக்கு 2017லும் எல்லாக் கார்களுக்கும் 2019லும் மோதல் சோதனை கட்டாயமானது, 2019 ஜூலையில் டிரைவர் காற்றுப்பை, 2023 அக்டோபரில் நமக்கே சொந்தமாக பாரத் என்கேப். ஆனால் அதற்கு முன்னால் விற்ற வண்டிகளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட். கம்பெனிக் கடிதம் முதலில் வாங்கியவரின் விலாசத்துக்குத்தான் போகும். அவர் வண்டியை விற்று நாலு வருஷம் ஆகியிருக்கும். மூன்றாவது கைக்கு மாறி, வாலாஜாபாத்தில் டாக்சியாக ஓடிக்கொண்டிருக்கும். கூப்பிடுகிற குரல் பழைய வீட்டு வாசலில் கேட்டு என்ன பிரயோஜனம்? நம்ம ஊர் சாலைகளில் நிறைய வண்டி இப்படிப்பட்டதுதான்.

மூன்றாவதைச் சொல்ல கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் சொல்கிறேன். 2010 அக்டோபர் கடைசியில் நோக்கியா ஆலையில் ஒரு இளம்பெண் தொழிலாளி மெஷினில் சிக்கி இறந்துபோனார். அதே 2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட, மற்றவர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பேட்டரிக்கு 26 எழுத்து அடையாளம் உண்டு, எந்த மாசம் எங்கே செய்தது என்று பல வருஷம் கழித்தும் சொல்ல முடியும். ஒரு இக்னிஷன் காயிலை ஆஸ்திரேலியா வரைக்கும் தேடிப்போக முடியும். அந்தப் பேட்டரியை, அந்தக் காயிலைக் கையால் தொட்டுப் பூட்டியவர் மூன்று ஒப்பந்தக்காரர் மாறி, நாலு கம்பெனி மாறி, இன்று எங்கே இருக்கிறார் என்று எந்த ரிஜிஸ்டரும் சொல்லாது. பொருளை ஞாபகம் வைத்துக்கொள்ள நாம் அருமையான ஏற்பாடு செய்துவிட்டோம். ஆட்களுக்கு இன்னும் இல்லை. முதலில் சொன்ன அந்த இரண்டாவது அர்த்தம் இதற்குத்தான்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

வரலாறு படித்தால் மட்டும் போதாது, ஒரு உபயோகமும் வேணும் இல்லையா?

ஆர்.சி. புக்கை எடுங்கள். சேஸிஸ் நம்பர் என்று 17 எழுத்து-எண் இருக்கும். நம்ம பக்கத்து வண்டிகளை அதை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம். ஹூண்டாய் என்றால் எம்ஏஎல், போர்டு என்றால் எம்ஏஜே, ராயல் என்ஃபீல்டு என்றால் எம்ஈ3 என்று ஆரம்பிக்கும். அந்த நம்பரை கம்பெனியின் வலைத்தளத்தில், ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பைன் என்று இருக்கிற பக்கத்தில் போட்டுப் பாருங்கள். சியாம் தளத்திலும் எந்தெந்த மாடலுக்கு எப்போது ரீகால் வந்தது என்று பட்டியல் உண்டு. வலைத்தளம் எல்லாம் ஒத்துவராது என்றால் ஏதாவது ஒரு அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டருக்குப் போய் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் ரீகால் வேலைக்குக் காசு கேட்கக் கூடாது. அது வண்டியோடு போகிற உரிமை, முதல் ஓனரோடு போவது இல்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. என்ஜின் சத்தம், டயர், பெயின்ட் எல்லாம் பார்ப்பீர்கள். கூடவே இந்த ஒன்றையும் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி பார்க்க வேண்டியது, பிறகு இல்லை.

இதைப் படிக்கிற எங்க ஷாப் ஃப்ளோர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. அந்த முதல் பீஸ், கடைசி பீஸ் தாளை அளந்துதான் எழுதுங்கப்பா. சூப்பர்வைசருக்காக இல்லை. என்றைக்கோ ஒரு நாள் அந்தத் தாளை வைத்துத்தான், யாருடைய வண்டியைக் கூப்பிடணும் என்று முடிவு பண்ணுவாங்க. அதில் உங்க அக்கா வீட்டுக்காரர் வண்டியும் இருக்கலாம்.